சாண்டோரினி: பிறந்துகொண்டே இருக்கும் தீவு

1707-ஆம் ஆண்டு மே மாதம். கிரேக்க நாட்டின் சாண்டோரினித் தீவுக்காரர்கள் ஒரு நாள் காலையில் வளைகுடாவின் நடுவே ஏதோ மிதப்பதைப் பார்த்தார்கள். இரவில் உடைந்த கப்பலாக இருக்கும், கிடைத்ததை அள்ளலாம் என்று படகை எடுத்துக்கொண்டு விரைந்தார்கள். கிட்டே போனால் கப்பலைக் காணோம். நேற்றுவரை கடலாக இருந்த இடத்தில் வெள்ளை நுரைக்கல் திட்டு ஒன்று நின்றது. கடலடியில் ஒட்டிக்கொண்டிருந்த சிப்பிகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு அது மேலே வந்திருந்தது. துணிச்சல்காரர்கள் சிலர் இறங்கிச் சிப்பி பொறுக்கத் தொடங்கினார்கள். காலடியில் தரை அசைந்தது. விழுந்தடித்துப் படகுக்கு ஓடினார்கள்.

அடுத்த சில வாரங்களில் பக்கத்திலேயே கரும்பாறைகள் தலை நீட்டின. புகை, நெருப்பு, இடி முழக்கம் என்று 1711 வரை ஓயவில்லை. அப்படி உருவானதுதான் நியா காமெனி. இன்று சுற்றுலாப் படகுகள் அங்கே போய் வருகின்றன. உச்சியில் நின்றால் பாறை இடுக்கிலிருந்து ஆவி வருவதைப் பார்க்கலாம், கந்தக நெடி மூக்கில் ஏறும்.

சாண்டோரினி என்றதும் நம் கண்ணுக்கு வருவது வெள்ளை வீடுகள், நீலக் குவிமாடங்கள், ஈயா என்ற ஊரில் கூட்டம் கூட்டமாக நின்று பார்க்கும் அந்திச் சூரியன். 15,000 பேர் வாழும் தீவுக்கு ஆண்டுக்கு 30 லட்சம் பேருக்கும் மேல் வருகிறார்கள். அந்த வீடுகள் எதன் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கின்றன என்று எத்தனை பேர் கேட்கிறார்களோ! கடலிலிருந்து 300 மீட்டர் வரை செங்குத்தாக எழும் அந்தப் பாறைச் சுவர், இடிந்து விழுந்த எரிமலை ஒன்றின் உட்சுவர். கீழே நீலமாகத் தெரிகிற கடல், அது விழுந்த பள்ளம். 11 கிலோமீட்டர் நீளம், 7 கிலோமீட்டர் அகலம். சில இடங்களில் ஆழம் 400 மீட்டரை நெருங்கும். சொகுசுக் கப்பல்கள் நிற்பது எரிமலையின் வாய்க்குள்.

தீவு பிறந்ததற்குக் கிரேக்கர்களிடம் ஒரு கதை உண்டு. ஆர்கோ கப்பலில் தங்க ஆட்டுத்தோல் தேடிப் போனவர்களில் ஒருவன் யூஃபீமஸ். கடல் தெய்வமான டிரைட்டன் கொடுத்த மண்கட்டியை அவன் கடலில் எறிய, அது தீவாக எழுந்ததாம். அதற்குக் கல்லிஸ்டே, அதாவது பேரழகி, என்று பெயர். கவிஞன் கற்பனைதான். ஆனால் கடலுக்குள்ளிருந்து தரை எழுவதைக் கண்ணால் கண்ட ஜனங்களிடையே இப்படி ஒரு கதை பிறந்ததில் வியப்பில்லை.

புவியியலாளர்கள் சொல்வது இது. ஆப்பிரிக்க நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஏஜியன் கடலின் அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. அதனால் பூமிக்குள் பாறை உருகி மேலே வருகிறது. மெத்தானா, மீலோஸ், சாண்டோரினி, நிசிரோஸ் என்று வில் போல் வளைந்து நிற்கும் எரிமலைகள் எல்லாம் அதன் விளைவு. சாண்டோரினியில் எரிமலை வேலை தொடங்கி ஆறு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்கும் முன்னே அங்கே ஒரு சுண்ணாம்புப் பாறைத் தீவு இருந்தது. அந்த ஆதித் தீவின் எச்சம்தான் 567 மீட்டர் உயரமுள்ள புரோஃபிடிஸ் இலியாஸ் மலை. தீவிலேயே உயரமான அந்த இடம் எரிமலையே அல்ல.

கடந்த மூன்றரை லட்சம் ஆண்டுகளில் மட்டும் பன்னிரண்டு பெரும் வெடிப்புகள். ஒவ்வொரு முறையும் எரிமலை தன்னைக் கட்டிக்கொள்ளும், வெடிக்கும், அடியிலிருந்த குழம்பறை காலியானதும் மேற்கூரை பிடிமானமின்றி விழும். அடிமண் அரித்துப் போன திண்ணை உள்வாங்குவது மாதிரி. பழைய துறைமுகத்திலிருந்து ஃபிரா நகருக்கு ஏறும் ஏறக்குறைய அறுநூறு படிகளில் மூச்சு வாங்க நிற்கும்போது சுவரைப் பாருங்கள். கறுப்பு லாவா, செந்நிறக் கசடு, சாம்பல், மறுபடி லாவா. உச்சியில் மட்டும் வெண்மையாக ஒரு கனத்த அடுக்கு. உலகத்தின் கவனத்தை ஈர்த்தது அந்த வெள்ளை அடுக்குதான்.

கி.மு. 1600-ஐ ஒட்டிய காலம். தீவின் தென்பகுதியில், இன்று அக்ரோதிரி என்கிறோமே, அங்கே ஒரு துறைமுக நகரம் செழித்திருந்தது. இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள், கல் பாவிய தெருக்கள், அவற்றின் அடியில் கழிவுநீர்க் கால்வாய், மாடியிலேயே கழிப்பறை. கிரீட் தீவின் மினோவன் நாகரிகத்தோடு நெருங்கிய கொடுக்கல் வாங்கல். அந்த நகரைப் புதைத்து, வெள்ளை அடுக்கை விட்டுச்சென்ற பெருவெடிப்பில் முழு வட்டமான மலை ஒன்று ஒரே அடியில் நடுவில் இடிந்தது என்று பல கையேடுகள் இன்னும் எழுதுகின்றன, அது சரியில்லை. முந்தைய வெடிப்பு ஒன்றால் அப்போதே நடுவில் ஒரு பள்ளமும், அதில் கடல் நீரும், ஒரு சிறு தீவும் இருந்தன என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முடிவு.

முதலில் கடும் நிலநடுக்கம் வந்தது. ஜனங்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். பிறகு சிலர் திரும்பி வந்து வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். இடிபாடுகளை ஓரமாகக் குவித்து, மீண்டும் பயன்படும் கற்களைத் தனியே பிரித்திருக்கிறார்கள். கட்டில்களை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வேலை பாதியில் நின்றபோது மெல்லிய சாம்பல் தூவத் தொடங்கியது. மரச்சாமான்கள் பிற்காலத்தில் மக்கிப் போக, சாம்பலுக்குள் அவற்றின் வடிவத்தில் வெற்றிடம் மிஞ்சியது. அகழ்வாய்வாளர்கள் அந்த வெற்றிடங்களில் பாரிஸ் சாந்தைக் குழைத்து ஊற்றினார்கள். ஒரு கட்டில் எழுந்தது. அதைவிட ஆச்சரியம், மூன்று கால்களிலும் வளைவு வளைவாகச் செதுக்கிய ஒரு சிறு மேசை. மரம் போய்விட்டது, தச்சன் கைவேலை அப்படியே நிற்கிறது.

அப்புறம் வந்தது பிரளயம். நுரைக்கல்லும் சாம்பலும் 36 கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்தன. கடல் நீர் எரிமலைக் குழாய்க்குள் புகுந்ததும் நீராவி வெடிப்புகள். பெரும் பாறைகள் பறந்து வந்து வீடுகளின் மேல் விழுந்தன. கடைசியில் கொதிக்கும் சாம்பல் ஆறுகள். சில இடங்களில் 50 மீட்டருக்கும் மேல் சாம்பல் மேடு போட்டது. பிறகு வடமேற்குக் கரை உடைந்து கடல் பாய்ந்தது. தெராசியா தனித் தீவானது. அந்தப் பிரம்மாண்டமான பள்ளம் நிறைய இரண்டு நாள்கூட ஆகியிருக்காது என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

அக்ரோதிரியில் இதுவரை ஒரு மனித உடல்கூடக் கிடைக்கவில்லை. நகைகளும் அநேகமாக இல்லை. 1999-இல் மரப்பெட்டிக்குள் கிடைத்த பொன்னாலான காட்டாடு ஒன்று விதிவிலக்கு. எச்சரிக்கை கிடைத்து, எடுத்துக்கொள்ள முடிந்ததை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கியிருக்கிறார்கள். கரை சேர்ந்தார்களா என்பதற்குச் சான்றில்லை. துருக்கிக் கரையில் செஷ்மே என்ற இடத்தில் இதே வெடிப்பின் சுனாமி கொண்டு குவித்த இடிபாட்டில் ஓர் இளைஞனின் எலும்புக்கூடும் ஒரு நாயின் எலும்புக்கூடும் கிடைத்திருக்கின்றன. தீவின் இந்த அழிவைத்தான் புராணத் தீவான அட்லாண்டிஸின் கதை என்று சொல்லி விற்கிறார்கள். நிஜமே இவ்வளவு இருக்க, அந்தச் சரடு எதற்கு?

இந்த நகரம் வெளிப்பட்டதற்கு சூயஸ் கால்வாய்க்கும் ஒரு பங்குண்டு. கால்வாய்க் கட்டுமானத்துக்கான நீர் புகாத சாந்துக்கு சாண்டோரினிச் சாம்பல் தேவைப்பட்டது. 1860-களில் தெராசியாவில் சாம்பலை வெட்டி எடுத்தபோது அடியில் சுவர்கள் தென்பட்டன. 1866-இல் நியா காமெனி வெடித்ததை ஆராய வந்த பிரெஞ்சு நிலவியலாளர் ஃபெர்டினாண்ட் ஃபூக்கே அவற்றின் முக்கியத்துவத்தை உணர்ந்து எழுதினார். நூறு ஆண்டு கழித்து, 1967-இல், ஸ்பிரிடான் மாரினாடோஸ் அக்ரோதிரியில் முறையாகத் தோண்டத் தொடங்கினார். கிரீட்டின் வீழ்ச்சிக்கு இந்த வெடிப்பே காரணம் என்று 1939-லேயே எழுதியவர் அவர். அந்தக் கருத்து பின்னாளில் தேறவில்லை, நகரம் கிடைத்தது. 1974-இல் அகழ்வாய்வுக் களத்திலேயே நேர்ந்த விபத்தில் அவர் இறந்தார்.

சுவரோவியங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மீன் கொத்துகளைக் கையில் தொங்கவிட்ட இளைஞன், குத்துச்சண்டை போடும் சிறுவர்கள், அல்லி மலர்களின் மேல் பறக்கும் தகைவிலான்கள், குங்குமப்பூ பறிக்கும் பெண்கள். ஓர் அறை முழுக்கப் பாறையில் தாவும் நீல நிறக் குரங்குகள். ஏஜியன் தீவுகளில் குரங்கு ஏது? ஆப்பிரிக்கக் குரங்குகள் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். வாலைத் தூக்கி வளைத்துப் பிடித்திருக்கும் விதத்தை வைத்து, இவை இந்தியாவின் சாம்பல் மந்திகள் என்று சில ஆண்டுகளுக்கு முன் குரங்கியல் ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டார்கள். எல்லோரும் ஏற்கவில்லை. ஏற்றால், நம் கோயில் மதில்களில் உட்கார்ந்திருக்கும் அனுமன் குரங்கின் முன்னோர் 3,600 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கச் சுவரில் ஏறிவிட்டார்கள். ஓவியங்களில் பல ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளன. நீலக் குரங்குகளையும் பொன் ஆட்டையும் ஃபிராவிலேயே பார்க்கலாம்.

வெடிப்புக்குப் பின் தீவு நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு ஸ்பார்ட்டாவிலிருந்து வந்தவர்கள், கவனியுங்கள், சாம்பலை விட்டுவிட்டு மேசா வூனோ என்ற சுண்ணாம்புப் பாறை முகட்டில் ஊர் கட்டினார்கள். அதுதான் பண்டைய தீரா. காமாரி, பெரிஸ்ஸா என்ற இரு கறுப்பு மணல் கடற்கரைகளுக்கு நடுவே, காற்று ஆளைத் தள்ளும் உயரத்தில், அதன் சந்தையும் நாடக அரங்கும் இருக்கின்றன.

நடுக்கடலில் பிரசவம் நின்றபாடில்லை. கி.மு. 197-இல் நான்கு நாள் கடலில் தீ எழுந்து ஒரு தீவு பிறந்ததாக ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். கி.பி. 46–47-இல் பிறந்தது பாலியா காமெனி தீவு. 726-இல் சாம்பல் சின்ன ஆசியா வரை போனது. திருவுருவங்களை வணங்கியதால் வந்த தெய்வக் கோபம் என்று பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோ அதற்குப் பொருள் சொன்னதாகப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். 1650-இல் தீவுக்கு ஏழு கிலோமீட்டர் வடகிழக்கே கொலும்போ என்ற கடலடி எரிமலை வெடித்தது. அதன் நச்சு வாயு எழுபது பேரைக் கொன்றது. நியா காமெனி கடைசியாகக் குழம்பு கக்கியது 1950-இல். கிழக்கு மத்தியதரைக் கடலில் இவ்வளவு இளைய எரிமலைத் தரை வேறெங்கும் இல்லை.

கொன்ற சாம்பலே தீவுக்காரர்களுக்குச் சோறும் போட்டது. அதைக் குடைந்து வீடு செய்தார்கள். வெயிலிலும் குளிரிலும் அடக்கமான வீடு. மழை அரிது, காற்று பொல்லாதது. அதனால் திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றாமல் தரையோடு தரையாகக் கூடைபோல் பின்னி, குலைகளை அதற்குள் வளர்க்கிறார்கள். ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்செரா பூச்சி இந்த மண்ணில் பிழைக்கவில்லை.

அபாயமும் பழங்கதை அல்ல. 1956 நிலநடுக்கத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல குடும்பங்கள் ஏதென்ஸுக்குக் குடிபெயர்ந்தன. 2025 தொடக்கத்தில் 20,000-க்கும் மேற்பட்ட சிறு நடுக்கங்கள். சில நாட்களில் 11,000 பேருக்கு மேல் தீவை விட்டுக் கிளம்பினார்கள். கடலடியில் எரிமலைக் குழம்பு நகர்ந்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்ரோதிரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள்; 2005-இல் கூரை சரிந்து ஒருவர் இறந்தபின் மூடிக் கிடந்த இடம், 2012-இல் புதிய கூரையோடு திறந்தது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் செங்கடற்கரை. பாறை சரியும் இடம், ஆகவே எச்சரிக்கைப் பலகையை மதித்துத் தள்ளி நின்றே பாருங்கள். நியா காமெனியில் நிழலே கிடையாது. நல்ல காலணி, தொப்பி, தண்ணீர் மூன்றும் அவசியம். பண்டைய தீராவுக்கு ஒரு முற்பகல் ஒதுக்குங்கள். ஈயாவின் அந்திச் சூரியனை நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம். சூரியன் எல்லா ஊரிலும் மறைகிறது.