தடிமனுக்கு வேது சரி, காதுக்கு எண்ணெய் வேண்டாம்

மாரி தொடங்கினால் எங்கள் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது மல்லித் தண்ணிதான். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, நாலைந்து மிளகு தட்டிப் போட்டு, பாதியாக வற்றும்வரை அவித்து, பனங்கட்டியைக் கடித்தபடி குடிப்போம். தடிமனை உண்டாக்கும் வைரசை இது கொல்லாது. தடிமன் ஒரு கிழமை, பத்து நாளில் தானாகவே மாறும். ஆனால் அந்த நாட்களில் சூடான குடிநீர் தொண்டைக்கு இதம் தரும், சளியையும் இளக்கும்.

வேது பிடிப்பதும் அப்படித்தான். நொச்சி, வேம்பு, தேசி இலைகளைப் போட்டுக் கொதிக்கவைத்த நீரின் ஆவி, அடைத்த மூக்கைச் சற்று நேரம் திறந்துவிடும். பானையை இறக்கித் தரையில் உறுதியாக வைத்த பிறகே போர்வையை மூடுங்கள். சிறுபிள்ளைகளுக்கு வேது வேண்டவே வேண்டாம்; கொதிநீர் கவிழ்ந்தால் தடிமனைவிடப் பெரிய துன்பம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் கலந்து கொடுப்பதும் ஆபத்து.

தடிமனோடு காதும் அடைப்பது ஏன்? மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. அது வீங்கி அடைபட்டால் காதுக்குள் காற்றழுத்தம் மாறி, சத்தம் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல இருக்கும். மூக்கடைப்பு மாற அதுவும் பெரும்பாலும் மாறும். கொட்டாவி விடுவதும் எச்சில் விழுங்குவதும் உதவும்.

பிழை நடப்பது இதற்குப் பிறகுதான். உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விடுவது பழைய வழக்கம். செவிப்பறைக்கு வெளியே விடும் எண்ணெய் உள்ளே அடைபட்ட குழாயைச் சென்றடையாது. சூடு கூடினால் தோலைச் சுடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, எண்ணெயோடு கிருமியும் நடுக்காதுக்குள் போகும். கோழி இறகு, நெருப்புக்குச்சி விட்டுக் குடைவதும் குறும்பியை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

ஓட்டை எத்தனை பேருக்கு இருக்கப்போகிறது என்று எங்கள் மண்ணில் கேட்க முடியாது. எறிகணையோ விமானக் குண்டோ அருகில் வெடித்தால், அதன் அழுத்த அலை முதலில் தாக்கும் உறுப்புகளில் ஒன்று செவிப்பறை. சிறு கிழிசல்கள் பல தாமாக மூடிவிடும். மூடாதவை ஆண்டுக்கணக்கில் இருந்து, தலைமுழுகும்போதெல்லாம் சீழ் வடியும். உள்காதின் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்திருந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. 2009 இலிருந்து காதுக்குள் ஓயாமல் இரையும் ஒருவருக்கு அது சளியுமல்ல, வெறும் வயசுக் கோளாறுமல்ல. அதை எந்த மூலிகையும் மாற்றாது. ஆனால் ஓட்டையைச் சத்திரசிகிச்சையால் அடைக்கலாம். கேட்கும் திறன் குறைந்த பலருக்குச் செவிப்புலன் கருவி பயன்படும். இத்தனை காலம் கடந்தும் இவற்றுக்கு வழியுண்டு.

காதில் சீழ் அல்லது இரத்தம், காய்ச்சலோடு கடும் வலி, காதுக்குப் பின்னால் வீக்கம், தலைச்சுற்று இருந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே போகவேண்டும். நாள் தள்ளத் தள்ளத் திரும்பப் பெறும் வாய்ப்புக் குறையும். அரச வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்கு அனுப்பும்படி கேளுங்கள். அங்கே வெடி எந்தப் பக்கம் விழுந்தது, எந்த ஆண்டு, அன்று காதால் இரத்தம் வந்ததா என்பதைக் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்.