கொச்சித் துறையும் காப்பியும்

மட்டாஞ்சேரியில் உள்ள ‘டச்சு அரண்மனை’யைக் கட்டியவர்கள் டச்சுக்காரர் அல்லர். 1555 வாக்கில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தது அது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதைப் பழுது பார்த்தனர். பெயரைத் தட்டிக்கொண்டு போயினர். காப்பியின் சரித்திரமும் ஏறக்குறைய அப்படித்தான். விதை அரேபியாவினது, கன்று மலையாளக் கரையினது. உலகச் சந்தையில் நிலைத்த பெயரோ ‘ஜாவா’.

பாபா புடான் என்னும் முஸ்லிம் ஞானி யேமன் நாட்டு மோக்காத் துறையிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது செவிவழிச் செய்தி. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு எழுத்துச் சான்று உண்டு. அக்காலத்தில் கொச்சியே டச்சுக் கம்பெனியின் மலபார்த் தலைமையிடம். ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர் நிக்கோலாஸ் விட்சன் தூண்ட, மலபார்த் தளபதி ஆதிரியான் வான் ஓம்மன் 1696இல் கண்ணூரிலிருந்து காப்பிக் கன்றுகளைச் சாவகத்துக்கு அனுப்பினார். அவை வெள்ளத்தில் அழிந்தன. 1699இல் மறுபடியும் மலபாரிலிருந்தே கன்றுகள் சென்றன, இம்முறை வேரூன்றின. 1706இல் சாவகத்துச் செடி ஒன்று ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தை அடைந்தது. அதன் வழியில் வந்த செடி 1714இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசாயிற்று. அமெரிக்கத் தோட்டங்கள் பலவற்றுக்கு மூலம் இதுவே. மிளகு தேடி வந்தவர்கள் போகிற போக்கில் செய்த வேலை!

சாவகக் குடியானவர்கள் கம்பெனி வைத்த விலைக்குக் காப்பியைக் கட்டாயமாகப் பயிரிட்டு ஒப்படைத்தார்கள். தமிழரும் இத்துயரத்துக்கு அந்நியரல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமையில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்கள் எழுப்பியபோது, தென் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து காட்டுவழியே நடந்துபோன நம்மவர் பல்லாயிரவர். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே இரையானோர் பலர். 1869இல் அங்கே தோன்றிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களை நாளடைவில் அழித்தது; தேயிலை வந்தது; நம்மவர் அங்கேயே தங்கினர். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்திருக்கும் நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

அதே 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதற்கு முன் பாய்க்கப்பலில் மாதக்கணக்கில் சென்ற காப்பிக்கொட்டை ஈரக்காற்றை உண்டு வெளிறிப் பருத்து, புளிப்புக் குறைந்து கரை சேரும். ஐரோப்பியர் அச்சுவைக்குப் பழகிவிட்டனர். பிரயாணம் குறுகியதும் சுவை மாறிற்று. ஆகவே நம் மேற்குக் கரையில் கொட்டையைப் பரப்பித் தென்மேற்குப் பருவக்காற்றில் பதப்படுத்தும் முறை ஏற்பட்டது. ‘மான்சூன்ட் மலபார்’ எனப்படும் அக்கொட்டையை இத்தாலியர் தங்கள் எஸ்பிரஸ்ஸோவில் கலக்கின்றனர்.

அந்த யந்திரமும் ஒரே நாளில் பிறந்ததன்று. துரின் நகரத்து மொரியோண்டோ 1884இலும், மிலான் நகரத்து பெஸ்ஸேரா 1901இலும் உரிமை பெற்றனர். அவை நீராவியை நம்பியவை, காப்பி கருகிற்று. 1948இல் காஜ்ஜியாவின் நெம்புகோல் யந்திரம் வந்த பிறகே பொன்னிற நுரை கிட்டியது. நம் கல்யாண வீடுகளில் ‘எக்ஸ்பிரஸோ’ என்று தந்தார்களே, உடனடிக் காப்பித்தூளைப் பாலில் இட்டு நீராவியால் நுரைத்தது, அதற்கும் இதற்கும் பெயரளவு உறவுதான்.

இன்று சிறு யந்திரங்கள் வீட்டுச் சமையலறைக்கே வந்துவிட்டன. யந்திரத்தைக் காட்டிலும் அரைக்கும் கருவிக்கே பணம் செலவிடுதல் நன்று என்பது நம் கருத்து. புதிதாக வறுத்த கொட்டை 18 கிராம், 90 முதல் 96 பாகை சூட்டு நீர், காற்றழுத்தத்தைப் போல் 9 மடங்கு அழுத்தம். 25 முதல் 30 விநாடிக்குள் சுமார் 36 கிராம் பானம் இறங்க வேண்டும். நீர் பாய்ந்தோடினால் இன்னும் நைசாக அரைக்கலாம்; சொட்டுச் சொட்டாக நின்றால் சற்றுப் பருமனாக. வயநாட்டு ரோபஸ்டா சிறிது சேர்த்தால் நுரை தடிக்கும்.

கொச்சியின் இடவப்பாதி மழையில் அரைத்த தூள் விரைவில் ஈரம் வாங்கிவிடும். ஆதலால் கொட்டையை மூடிய டப்பாவில் வைத்து, அவ்வப்போது வேண்டிய அளவே அரைக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் சிக்கரித் தூளை இதில் இடலாகாது. நீர் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பித்தளை ஃபில்டர் இருக்கவே இருக்கிறது.