புத்தளம் கரையோர வீடமைப்பும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடலும்

புத்தளம் கரையோர வீடமைப்பு என்பது, இலங்கையின் வடமேல் மாகாணத்தில் சிலாபம் முதல் கற்பிட்டிக் குடாநாடு வரையிலும், அதற்கு அப்பால் வண்ணாத்திவில்லு வரையிலும் நீளும் கரையோரத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் காணியும் வீடும் கிடைக்கச் செய்யும் அரச, உள்ளூராட்சி, தனியார் முயற்சிகளைக் குறிக்கும். 1990இன் பெரும் இடப்பெயர்வுக்குப் பின் இந்தக் கரையோரம் நாட்டின் மிகக் கடினமான வீடமைப்புக் களங்களில் ஒன்றாயிற்று. அந்த அனுபவத்திலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. மணலும் உப்புநீரும் சூழ்ந்த இந்த நிலத்தில், ஒரு வீடு ஏழைக்கு எட்டுமா என்பதைச் சுவரின் விலையை விட அதன் கீழே உள்ள குடிநீரே தீர்மானிக்கிறது. காணியை எத்தனை பேர்ச்சாகத் துண்டாடலாம் என்ற விதி நிலத்தடி நீரைக் கணக்கில் கொண்டு எழுதப்படாத வரை, மலிவாகக் கிடைத்த வீடும் பின்னாளில் விலை உயர்ந்ததாகிவிடும்.

நிலமும் மக்களும்

சுமார் 327 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள புத்தளம் களப்பையும் இந்து சமுத்திரத்தையும் பிரித்து நிற்கும் நீண்ட மணல் நாக்கே கற்பிட்டிக் குடாநாடு. தெற்கே, கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடையிலான ஒடுங்கிய நிலத்தில், உடப்பு போன்ற மீனவ ஊர்களின் வீடுகள் ஒன்றையொன்று தொட்டபடி நிற்கின்றன. முஸ்லிம்கள், தமிழ் இந்துக்கள், தமிழும் சிங்களமும் பேசும் கத்தோலிக்கர், சிங்களப் பௌத்தர் ஆகியோர் கலந்து வாழும் இக்கரையில் மீன்பிடி, தென்னை, உப்பளம், மரக்கறிச் செய்கை ஆகியவையே பழைய தொழில்கள். 1980களில் இறால் பண்ணைகள் வந்தன. பின்னர் நுரைச்சோலையில் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் எழுந்தது. 2000களின் பிற்பகுதியில், கற்பிட்டியைச் சூழ்ந்த 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நிலப்பரப்பை ஒதுக்கிக்கொண்டபோது, வீடு கட்ட எஞ்சிய நிலம் குறுகிக்கொண்டே வந்தது. இறால்களைத் தாக்கிய நோய்க்குப் பின் கைவிடப்பட்ட தொட்டிகளின் நிலம் உவர் ஏறிக் கிடக்கிறது. அதில் தென்னையும் வளராது, கிணறும் நல்ல நீர் தராது.

1990 அக்டோபரில் வட மாகாணத்தின் 5 மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் 70,000க்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரதேச செயலகப் பிரிவுகளில் தஞ்சமடைந்தனர். உள்ளூர் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. சில மாதங்களுக்கென்று போடப்பட்ட அந்தக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. தில்லையடி, பாலாவி, ஆலங்குடா, நுரைச்சோலை போன்ற இடங்களில் முகாம் மெல்ல ஊராக மாறியது. திட்டமிடல் அதிகாரிகள் வரைபடம் விரிப்பதற்கு வெகுமுன்பே, தோட்ட உரிமையாளர், நில அளவையாளர், நொத்தாரிசு, வெளிநாட்டுக்குச் சென்ற பிள்ளை அனுப்பிய பணம் ஆகியவை சேர்ந்து நிலத்தைத் துண்டாடி முடித்திருந்தன.

சட்டமும் நிறுவனங்களும்

இலங்கையில் கட்டட ஒழுங்கின் வேர் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. 1946இல் நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச் சட்டமும், 1978இல் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் வந்தன. அதிகாரசபையின் எல்லைக்குள் அறிவிக்கப்பட்ட பகுதியில் காணியைத் துண்டாடவும் கட்டடம் கட்டவும் அனுமதி தேவை. வழக்கமாக அந்த அதிகாரம் உள்ளூராட்சி சபைக்குக் கையளிக்கப்படும். பொதுவான குறைந்தபட்சத் துண்டு 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச். இதனுடன் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் சேர்கிறது. அது உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயமாக வகுத்து, அதற்குள் நடக்கும் கட்டுமானத்துக்குத் தனி அனுமதி கேட்கிறது. அரச காணி பிரதேச செயலாளரின் கையில். வீட்டுக் கடன் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் கையில். குழாய் நீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கையில். ஒரு குடும்பம் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்குள் இத்தனை அலுவலகங்களைத் தாண்ட வேண்டியிருந்தாலும், இவற்றில் எதுவும் ஊரின் நீர்க் கணக்கை முழுமையாகக் கேட்பதில்லை.

தனித்துண்டை மட்டும் பார்க்கும் இந்த முறையின் குறை, ஒரு சாதாரண 10 பேர்ச் காணியை உற்றுப் பார்த்தாலே தெரியும். சதுரமாக அளந்தால் அதன் ஒரு பக்கம் சுமார் 52 அடி. ஒரு மூலையில் கொங்கிரீட் வளையம் இறக்கிய கிணறு, எதிர் மூலையில் மலசலகூடக் குழி, நடுவே வீடு. மூலைவிட்டமாக அளந்தால் 70 அடிக்குச் சற்று மேல். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்று சுகாதாரத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் அளவு இங்கே தப்பிக்கொள்கிறது. ஆனால் வேலிக்கு அப்பால் உள்ள குடும்பமும் தன் காணிக்குள் இதையே செய்திருக்கும். அவர்களுடைய குழி இவர்களுடைய கிணற்றிலிருந்து சில அடிகளே தள்ளியிருக்கலாம். இரண்டு வரைபடங்களும் தனித்தனியே சரியானவை. இரண்டும் அனுமதி பெறத் தக்கவை. சேர்த்துப் பார்த்தால் இரு வீட்டுப் பிள்ளைகளும் குடிப்பது மாசான நீர். 6 பேர்ச் துண்டில் பக்கம் 40 அடி என்பதால், மூலைக்கு மூலை வைத்தாலும் 50 அடி அரிதாகவே எட்டும்.

மணலடி நீர்

கற்பிட்டியின் குடிநீர், மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மழைநீர்ப் படலம். நன்னீர், கடல்நீர் ஆகியவற்றின் அடர்த்தி வேறுபாட்டால், கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை அது உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நீரியலில் நன்கு அறியப்பட்ட கணக்கு. அதை மறுபக்கமிருந்து படித்தால் அச்சம் தரும். அளவுக்கு மிஞ்சிய இறைப்பால் மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலே அடியிலிருந்து உவர் பல மடங்கு மேலெழும். மணல் நீரை வேகமாக உறிஞ்சுவது விவசாயிக்கு வரம். ஆனால் அதே வேகத்தில் உரத்தையும் குழிக் கழிவையும் அது கீழே இறக்கிவிடுகிறது. 1980களின் இறுதியிலிருந்து நடந்த ஆய்வுகள், குடாநாட்டின் விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதைக் காட்டின. கைக்குழந்தையின் குருதி உயிர்வளியை ஏந்தும் ஆற்றலை நைத்திரேற்று குறைத்துவிடும் என்பதாலேயே இந்த எல்லை வகுக்கப்பட்டது.

ஆகவே வீட்டின் உண்மையான விலையைக் கட்டி முடித்த நாளில் கணக்கிட முடியாது. கிணறு கெட்ட பின் போத்தல் நீரும் பவுசர் நீரும் வாங்கும் குடும்பம், காணிக்குக் கொடுத்த பணத்தை ஆண்டுதோறும் சிறுகச் சிறுக மறுபடியும் கொடுக்கிறது. சுண்ணாம்புச் சுவர் உவரில் உதிர்வதும், பிள்ளை வயிற்றுப்போக்கில் பாடசாலை தவறுவதும் அந்தக் கணக்கில் சேரும். வீட்டை எண்ணுவது எளிது என்பதாலேயே அரசாங்கங்கள் வீட்டை எண்ணுகின்றன. நீரை எண்ணுவது கடினம் என்பதால் அது விடுபட்டுப் போகிறது.

திட்டங்களின் அனுபவம்

1978இல் தொடங்கிய ஒரு இலட்சம் வீடுகள் திட்டம் அரசே கட்டிக் கொடுக்கும் வழியைப் பின்பற்றியது. 1984இல் ரணசிங்க பிரேமதாசாவின் முன்னெடுப்பில் வந்த பத்து இலட்சம் வீடுகள் திட்டமோ, சிறு கடனும் ஆலோசனையும் கொடுத்து மக்களையே கட்டவிட்டது. அந்தக் காலத்தில் கொழும்பின் நெருக்கடியான குடியிருப்புகள் சிறப்புத் திட்டப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டு, 2 பேர்ச் அளவுத் துண்டுகளும் சட்டப்படி ஏற்கப்பட்டன. ஏழையின் நிலத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்த அந்தத் துணிவு பாராட்டத்தக்கது. ஆனால் அது நடந்த இடம், நூற்றாண்டுப் பழமையான கழிவுநீர்க் குழாய்களும் குழாய் நீரும் எட்டும் நகரம். அந்த அடித்தளம் இல்லாத மணலில் அளவை மட்டும் பெயர்த்து வைத்தால் விளைவு வேறாகும்.

புத்தளத்துக்கே உரிய பெரிய முயற்சி, 2007இல் உலக வங்கி அனுமதித்த சுமார் 32 மில்லியன் அமெரிக்க டொலர் பெறுமதியான புத்தளம் வீடமைப்புத் திட்டம். அப்போது இம்மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ 60,000 பேர். பணம் தவணை முறையில் குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்டது; அவரவரே மேசன் பிடித்துக் கட்டினார்கள். உள்ளூர் ஏழைக் குடும்பங்களில் ஒரு பகுதியும் சேர்க்கப்பட்டது, இடம் கொடுத்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையே பொறாமை மூளாமல் தடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, காணி உரிமையைச் சீர்ப்படுத்துவதும் நீரும் மலசலகூடமும் தருவதும் இந்தத் திட்டத்தின் உள்ளேயே வைக்கப்பட்டிருந்தன. வீட்டை நீரோடு சேர்த்து நினைக்கலாம் என்பதற்கு இதுவே மாவட்டத்தின் சொந்தச் சான்று. 2008இல் ஆசிய அபிவிருத்தி வங்கி அனுமதித்த உலர் வலய நகர நீர்வழங்கல் திட்டம் சிலாபம், புத்தளம் நகரங்களையும் உள்ளடக்கியது. குறை என்னவென்றால், ஒரு திட்டத்தின் ஆயுளோடு முடிந்த இந்த இணைப்பு உள்ளூராட்சியின் அன்றாட அனுமதி விதியாக மாறவில்லை.

எதிர்வாதங்கள்

முதல் மறுப்பு பொருளியலிலிருந்து வருகிறது. துண்டின் குறைந்தபட்ச அளவை உயர்த்தினால் ஏழை வெளியே தள்ளப்படுவான். விதியைத் தளர்த்தினால் வீடு பெருகி விலை குறையும் என்பது அந்த வாதம். நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இலும், அமெரிக்காவின் மினியாபொலிஸ் 2018இலும் நெருக்கமான குடியிருப்புக்கு வழிவிட்டு விதிகளைத் திருத்தின. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. 20 பேர்ச்சுக்குக் குறையக் கூடாது என்று சபை தீர்மானித்தால், மக்கள் அனுமதியே கேளாமல் துண்டாடுவார்கள். உறுதி இல்லாத காணியில் வங்கிக் கடனும் கிடைக்காது. எனவே ஒரே அளவை எங்கும் திணிப்பது பதிலாகாது. சேவைக்கேற்ப அளவு மாற வேண்டும். குழாய் நீர் எட்டிய ஒழுங்கையில் 6 பேர்ச்சும் அதற்குக் குறைவும் தாராளமாக அனுமதிக்கப்படலாம். குழாய் எட்டாத இடத்தில், பல வீடுகளுக்கு ஒரு பொதுக் கிணறு, நீர் ஓடும் திசைக்குக் கீழே கூட்டாக ஒரு கழிவுத் தொட்டி என்று அமைத்தால் சிறு துண்டுக்கு அனுமதி தரலாம். தனிக் கிணறும் தனிக் குழியும்தான் வேண்டும் என்றால் மட்டும் பெரிய துண்டு. அப்போது விதி ஏழையைத் தண்டிக்காமல், சேவை முதலில் எங்கே போக வேண்டும் என்பதைச் சபைக்குக் காட்டும்.

இரண்டாவது மறுப்பு, நைத்திரேற்றின் முதன்மைக் காரணம் உரமே என்பதும், குடியிருப்பைக் குற்றம் சாட்டுவது அநீதி என்பதும். விவசாயப் பகுதிகளைப் பொறுத்தவரை இது சரிதான். ஆனால் கிருமி இரசாயன உரத்திலிருந்து வருவதில்லை. மேலும் உரத்தால் ஏற்கனவே நலிந்த நீர்ப்படலத்தின் மேல்தான் புதிய குழிகள் தோண்டப்படுகின்றன. செய்கை நிலத்தின் நடுவே வீட்டுத் துண்டு விற்கப்படும்போது, விவசாயியின் மோட்டரும் வீட்டுக் கிணறும் ஒரே நீருக்குப் போட்டியிடுகின்றன. உரத்தையும் குழியையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க இதுவே வலுவான காரணம்.

மூன்றாவது, 2009இல் போர் முடிந்தபின் இடம்பெயர்ந்தோர் வடக்குக்குத் திரும்ப வேண்டும், புத்தளத்தில் அவர்களுக்காகத் திட்டமிடுவது எதற்கு என்ற கேள்வி. மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பும் உரிமை அவர்களுக்கு முழுமையாக உண்டு. அது எந்தக் காரணத்துக்காகவும் குறையக் கூடாது. ஆயினும் புத்தளத்தில் பிறந்து, படித்து, மணமுடித்த தலைமுறைக்கு அதுவும் சொந்த ஊரே. திரும்பிச் சென்றவரின் வீட்டில் வேறொரு குடும்பம் குடியேறுகிறது. கிணறும் குழியும் அங்கேயேதான் இருக்கின்றன. திட்டமிடல் நிலத்துக்கும் நீருக்கும் உரியது. அங்கே குடியிருப்பவர் எந்த மாவட்டத்தில் பதியப்பட்டிருக்கிறார் என்பது அதை மாற்றாது.

நான்காவது, சிறிய சபைகளுக்கு அதிகாரமும் பணமும் இல்லை என்பது. பெரிய குழாய்த் திட்டம் சபையின் சக்திக்கு அப்பாற்பட்டதே. ஆனால் துண்டாடல் வரைபடம் முதலில் வந்து சேரும் மேசை சபையினுடையது. விண்ணப்பத்தோடு அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் குழிகளையும் குறித்த ஒரு சிறு வரைபடத்தைக் கேட்பதற்கு வெளிநாட்டு வங்கி தேவையில்லை. கிராம அலுவலரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஏற்கனவே அறிந்தவற்றைத் தாளில் ஏற்றினால் போதும். சில ஆண்டுகளில் அவை சேர்ந்து ஊரின் நீர் வரைபடமாகும். இதற்கு மாறாக, 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கொழும்பில் தீர்மானித்த கட்டடத் தடை வலயம், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று நின்று, மீனவரின் எதிர்ப்பாலும் நடைமுறைச் சிக்கலாலும் விரைவில் தளர்ந்தது. இடத்தை அறியாமல் விதித்த அளவு நிலைக்காது என்பதை அது காட்டியது. தீவுகளில் பருவத்துக்கு வந்து வாடி போட்டுத் தங்கும் மீனவரையும் தொலைவிலிருந்து வரையும் வரைபடங்கள் காண்பதில்லை. வாடி இருக்கும் கரை தாளில் வெறும் நிலமாகத் தெரிகிறது. வெறும் நிலம் ஹொட்டேலுக்கு எளிதில் போய்விடுகிறது.

மதிப்பீடு

புத்தளம் கரையோரம் 1990 முதல் இன்றுவரை தாங்கிய சுமை அசாதாரணமானது. உள்ளூர் மக்கள் தம் தோட்டத்தையும் கிணற்றையும் பகிர்ந்ததாலேயே ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தார்கள். அந்தப் பகிர்வு கயிறும் வாளியும் வைத்து ஒரே கிணற்றில் பலர் இறைத்த நாட்களில் தொடங்கியது. பின்னர் ஒவ்வொருவரும் வேலி போட்டுத் தனிக் கிணறு வெட்டிக்கொண்டபோதும், மணலுக்கு அடியில் நீர் ஒன்றாகவே இருந்தது. காணித் துண்டுக்கு அனுமதி தரும் கையொப்பம் அந்தப் பொது நீரையும் பார்த்துப் போடப்படுமானால், முகாமிலிருந்து வீட்டுக்கு வந்த குடும்பத்துக்கு அந்த வீடு பிள்ளைகளின் காலத்திலும் குடியிருக்கத்தக்கதாக இருக்கும்.