விமானத் தொழிலில் சரிபார்ப்புப் பட்டியலும் பணி அட்டையும்

விமானப் போக்குவரத்தின் பாதுகாப்பு இரண்டு வகைத் தாள்களை நம்பி வளர்ந்தது. ஒன்று, விமானிகள் தம் அறையில் அமர்ந்து வரிவரியாகப் படித்துக் கருவிகளின் நிலையை உறுதிசெய்யும் சரிபார்ப்புப் பட்டியல். மற்றொன்று, விமானத்தை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரில், செய்து முடித்த ஒவ்வொரு வேலைக்கும் எதிரே தொழில்நுட்பர் ஒப்பமிடும் பணி அட்டை. முன்னது மறதிக்கு எதிராக வந்தது. பின்னது, ஒரே விமானத்தில் வெவ்வேறு நேரங்களில் வேலை செய்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே வீடு திரும்பக்கூடிய பலரிடையே செய்தி கைமாறுவதற்காக வந்தது. இவ்விரண்டின் வரலாற்றையும் தனித்தனியே எழுதுவது வழக்கமாயினும், விபத்து விசாரணை அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் படிப்போருக்கு இரண்டும் ஒரே விதமாகவே பழுதுபட்டன என்பது புலப்படும்: செயலுக்குச் சான்றாக நின்ற சொல்லும் ஒப்பமும் நாளடைவில் செயலை விட்டுப் பிரிந்து தனியே நடமாடத் தொடங்கின.

விமானியின் பட்டியலுக்குத் தொடக்கமாகக் கொள்ளப்படுவது 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், டேட்டன் நகரையடுத்த ரைட் ஃபீல்டில் நிகழ்ந்த விபத்தாகும். இராணுவத்தின் குண்டுவீச்சு விமானப் போட்டிக்கு போயிங் நிறுவனம் அனுப்பிய மாடல் 299 என்னும் நான்கு எஞ்சின் விமானம், மேலெழுந்த சில நொடிகளில் மூக்கு செங்குத்தாக உயர்ந்து, வேகமிழந்து வீழ்ந்தது. இராணுவ விமானி ப்ளாயர் ஹில், போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவர் ஆகிய இருவரும் உயிரிழந்தனர். தரையில் நிற்கும்போது வால்பகுதியின் அசையும் தட்டுகள் காற்றில் அடிபடாதிருக்கப் போடப்படும் பூட்டு விடுவிக்கப்படாமல் இருந்ததே காரணம். கைதேர்ந்த விமானிக்கே இது நேர்ந்ததால், குறை பயிற்சியில் இல்லை, நினைவை மட்டும் நம்பியதில்தான் உள்ளது என்று முடிவு செய்யப்பட்டது. போட்டியின் பெரும் ஒப்பந்தம் டக்ளஸ் நிறுவனத்தின் பி-18க்குப் போயிற்று. ஆயினும் சோதனைக்கென வாங்கப்பட்ட 13 போயிங் விமானங்களோடு புறப்பாடு, பறத்தல், தரையிறக்கம் ஆகிய கட்டங்களுக்கான பட்டியல்களும் நடைமுறைக்கு வந்தன. பின்னர் பி-17 என உலகப் போரில் ஆயிரக்கணக்கில் பறந்தது இந்த விமானமே.

பட்டியல் எல்லா விமானங்களுக்கும் பரவிய பிறகு, அது இல்லாமையால் அன்று, இருந்தும் ஓதப்படாமையாலும் ஓதியும் பார்க்கப்படாமையாலும் விபத்துகள் நேரலாயின. 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் 255, குறைந்த வேகத்திலும் தூக்குவிசை தரும் பொருட்டு இறக்கையின் விளிம்புகளிலிருந்து நீட்டப்படும் ஃப்ளாப், ஸ்லாட் ஆகியவற்றை நீட்டாமலே ஓடுபாதையில் விரைந்து, எழுந்தவுடன் விழுந்தது; தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 156 பேர் மாண்டனர், விமானத்தில் இருந்தோரில் ஒரு சிறுமி மட்டுமே பிழைத்தாள். ஓடுபாதை மாற்றமும் அதற்கான புதுக் கணக்குகளும் குறுக்கிட்டதில், விமானம் தரையில் ஊர்ந்து செல்கையில் படிக்க வேண்டிய பட்டியலை எவரும் கேட்கவில்லை. தவறைக் கூவி அறிவிக்க வேண்டிய எச்சரிக்கைக் கருவிக்கோ மின்சாரம் செல்லவில்லை. இவ்விபத்துக்குப் பின் அசஃப் டெகானி, ஏர்ல் வீனர் இருவரும் நாசாவுக்காக நடத்தி 1990இல் வெளியிட்ட ஆய்வு, பட்டியலின் எழுத்தளவு முதல் அதைப் படிக்கும் விமானிகளின் மனநிலை வரை அனைத்தையும் ஆராய்ந்தது. நாள்தோறும் ஒரே வினாவும் ஒரே விடையும் கேட்டுப் பழகிய கண், பொறியின் உண்மை நிலையை விட்டுவிட்டு, எதிர்பார்த்த நிலையையே கண்டுவிடுகிறது என்பது அவ்வாய்வின் கூர்மையான பகுதி. நேர நெருக்கடி இப்பழக்கத்தை வளர்த்தது. ஆனால் அவசரமே இல்லாத நாளிலும் அது ஒழியவில்லை.

ஹேங்கரிலும் இதுவே நடந்தது. 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து நசாவ் நகருக்குப் பறந்த ஈஸ்டர்ன் 855 விமானத்தின் மூன்று எஞ்சின்களிலும் எண்ணெய் வடிந்துபோனது. எண்ணெயில் சேரும் உலோகத் துகள்களைப் பிடித்துக் காட்டும் கருவியை முந்தைய இரவு மாற்றியவர்கள், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களைப் பொருத்தவில்லை. வளையம் பொருத்தியதற்குப் பணி அட்டையில் தனி வரி இருந்தது. அதில் ஒப்பமும் இருந்தது. அதுவரை வளையம் பொருத்தப்பட்ட நிலையிலேயே கருவி அவர்கள் கைக்கு வந்துகொண்டிருந்ததால், செய்யாத வேலைக்கு ஒப்பமிடுவது ஒரு பிழையாகவே எவருக்கும் தோன்றியதில்லை. ஓர் எஞ்சினை மீண்டும் இயக்கி, 172 பேருடன் விமானம் மயாமிக்கே திரும்பியது.

1991 செப்டம்பர் 11 அன்று அத்தகைய நல்வாய்ப்பு அமையவில்லை. கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574, லாரிடோவிலிருந்து ஹூஸ்டனுக்கு இறங்கிக்கொண்டிருக்கையில் டெக்சாஸின் ஈகிள் லேக் அருகே வானிலேயே சிதைந்து 14 பேரைப் பலிகொண்டது. முந்தைய இரவு அந்த எம்ப்ரேயர் விமானத்தின் கிடைமட்ட வால்சிறகின் முன்விளிம்பில், பனிக்கட்டியை உடைத்தகற்றும் ரப்பர் உறைகளை மாற்றும் வேலை தொடங்கியிருந்தது. மேற்பார்க்க வேண்டிய ஆய்வாளரே, சோம்பலால் அன்று, உதவும் எண்ணத்தால், மேலேறி வலம் இடம் இருபுறத்தின் மேல்வரிசைத் திருகுகளையும் கழற்றினார். அன்றிரவு வலப்புறத்தை மட்டும் முடிக்க முடிவானது. இடப்புறத்தில் கழற்றிய 47 திருகுகளைப் பற்றிப் பணி அட்டையில் பதிவில்லாததால், இரவுப்பணிக்கு வந்தவர்கள் வலப்புற வேலையை முடித்து விமானத்தைப் பறக்க விடுவித்தனர். வால்சிறகு செங்குத்துச் சிறகின் உச்சியில் அமைந்த விமானம் அது; காலையில் சுற்றிவந்து பார்க்கும் விமானி தரையில் நின்று அதன் மேற்பரப்பைக் காண்பதற்கு வழியே இல்லை. ஆகவே விமானிகளுக்குத் தாள் ஒன்றே கண்ணாக இருந்தது.

இவ்விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1992இல் பணியாளர்களும் ஆய்வாளர்களும் நடைமுறையைப் பின்பற்றாததையே முதற்காரணமாகக் கூறியது. வாரிய உறுப்பினர் ஜான் லாபர் மட்டும், நடைமுறையை மதிக்கும் பண்பாட்டை நிர்வாகம் வளர்க்கத் தவறியதும் காரணங்களுள் எழுதப்பட வேண்டும் என்று மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார்.

இரண்டு தாள்களின் வழியிலும் வரும் பிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்தது 2005 ஆகஸ்ட் 14 அன்று. சைப்ரஸின் லார்னகாவில் ஹீலியோஸ் நிறுவன விமானத்தின் பின்கதவில் கேட்ட ஓசையை ஆராய்ந்த தொழில்நுட்பர், பயணிகள் அறையில் காற்றழுத்தம் கசிகிறதா என்று சோதிப்பதற்காக, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் திருகியைத் தானியங்கு நிலையிலிருந்து கையியக்க நிலைக்கு மாற்றினார். சோதனைக்குப் பின் அது அந்நிலையிலேயே நின்றுவிட்டது. புறப்படுவதற்கு முந்தைய ஆயத்தத்தில், எஞ்சின் இயக்கத்துக்கு முன்னர், மேலெழுந்த பின்னர் என மூன்று கட்டங்களில் அதைக் கண்டுகொள்ள வாய்ப்பிருந்தும் விமானிகள் காணவில்லை. அறையின் அழுத்தம் குறைவதை அறிவித்த ஒலி, தரையில் புறப்பாட்டு அமைப்பு தவறாக இருந்தால் எழும் ஒலியேயாகையால் அதையும் பிரித்தறியாமல், அவர்கள் உணர்விழந்தனர். தானியங்கி செலுத்த, ஏதென்ஸ் வானில் சுற்றிய விமானம் எரிபொருள் தீர்ந்து கிராமட்டிகோ அருகே விழுந்ததில் 121 பேரும் மாண்டனர். கிரேக்க விசாரணைக் குழுவின் 2006ஆம் ஆண்டு அறிக்கை, திருகியின் நிலையை விமானிகள் உணராததை நேரடிக் காரணமாகவும், நிறுவனத்தின் அமைப்பிலும் பாதுகாப்புப் பண்பாட்டிலும் இருந்த குறைகளையும் ஒழுங்குமுறை அமைப்பின் போதாத கண்காணிப்பையும் உள்ளுறைக் காரணங்களாகவும் வரிசைப்படுத்தியது. லாபர் 1992இல் தனித்து நின்று எழுதிய குறிப்பு, அவ்வறிக்கையில் விசாரணைக் குழுவின் சொந்த முடிவாகவே இடம்பெற்றிருந்தது.