மரப்பும் மயக்கமும்

ஓசூர் சிப்காட்டில் இயந்திரத்தில் விரல் நசுங்கி வருபவரிடம் மருத்துவர், "மரத்துப்போக ஊசி போடுறேன்" என்கிறார். வந்தவர் காதில் விழுவதோ 'மயக்க ஊசி'. பயம் அங்கேதான் தொடங்குகிறது.

மரத்தல் உறுப்புக்கு உரியது: மரம்போல் உணர்விழப்பது. அந்த ஊசியில் உள்ள லிக்னோகெய்ன் மருந்து, நரம்பில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களை அடைத்துவிடுகிறது. வலி மூளைக்கு எட்டாது. ஆள் விழித்திருப்பார். தையல் போடும்போது இழுப்பும் அழுத்தமும் தெரியலாம்; மருந்து வேலை செய்யவில்லை என்று அஞ்ச வேண்டாம்.

மயங்குதல் அறிவுக்கு உரியது. பழைய பொருள் கலத்தல். இலக்கணத்தில் மெய்யெழுத்துகள் சேர்ந்து வரும் மெய்ம்மயக்கம் அதுவே. முழு மயக்கத்தில் நினைவு அகலும், தசை தளரும், இரத்த அழுத்தம் இறங்கும், மூச்சுக்குப் பெரும்பாலும் குழாயின் துணை வேண்டும். இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடலாம் என்பதால்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள்.

எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் மரத்தல் 'மரகட்டு'. மயக்க மருத்துவத்துக்குக் கன்னடர் வைத்த பெயர் 'அரிவளிகெ'; அறிவு அழிதல் என்று நம் காதுக்கே புரிகிறது. ஓசூர்த் தெலுங்கர் வாயில் மரமரப்பு 'திம்மிரி', நம் 'திமிர்த்தல்' என்பதன் உறவு. மரப்பும் மயக்கமும் வேறு என்பதால், ஒப்புதல் படிவங்களில் 'பகுதி மயக்கம்' என்பதை எடுத்துவிட்டு 'மரப்பு' என்றே அச்சிடலாம்.