கைப்பிடி வைத்த றேடியோ

1989 இல் பலெர்மோவில் வந்து இறங்கியபோது எங்களை முதலில் வியக்க வைத்தவை தேவாலயங்களல்ல. கையில் றேடியோவைத் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர்கள்தான். வியா மக்குவேதாவில் மாலையில் உலாவுகிறவர்கள், கோப்பிக் கடையில் நின்றபடி குடிக்கிறவர்கள், பூசைக்குப் போகிறவர்கள்கூட, கைப்பிடி வைத்த கறுப்புப் பெட்டியொன்றைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். பாட்டொன்றும் கேட்கவில்லை. அது காரின் றேடியோவென்றும், காருக்குள் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது கண்ணாடியும் இராது, றேடியோவும் இராது என்றும் பிறகுதான் அறிந்தோம். ஊரில் ஆட்கள் குடையோடு போவது போல இங்கே றேடியோவோடு போனார்கள். இதில் பணக்காரன், ஏழை என்ற வேறுபாடு இருக்கவில்லை.

இந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1930 இல் சிக்காகோவில் கல்வின் சகோதரர்கள் காருக்கென ஒரு றேடியோவைச் செய்து அதற்கு மோட்டோறோலா என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவில் 1932 இல் புளோபுங்க்ற் நிறுவனம் செய்த முதலாவது கார் றேடியோ 15 கிலோ அளவு எடை. விலையோ காரின் விலையில் மூன்றிலொரு பங்கு. வால்வுகளுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைப் பற்றறியிலிருந்து பெறுவதற்கு, அதிர்ந்துகொண்டேயிருக்கும் ஒரு சிறு கருவியை உள்ளே வைத்தார்கள். யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்களிலும் ஒஸ்ரின்களிலும் அந்த இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்களில் இன்னமும் இருக்கிறார்கள்.

அந்த ஆங்கிலேயக் கார்களில் பற்றறியின் நேர்முனைதான் கார் உடம்போடு பூட்டப்பட்டிருக்கும். பிற்காலத்துக் கார்களில் எதிர்முனை. அதை அறியாமல், வெளிநாட்டிலிருந்து வந்த ட்ரான்சிஸ்ரர் செற்றைப் பழைய மொறிஸ் மைனரில் பூட்டினால் ஒரு கணம் மணக்கும், அவ்வளவுதான். கே.கே.எஸ். வீதிக் கராஜொன்றில் எடுபிடியாக நின்ற காலத்தில் அண்ணை அந்த மணத்தைப் பலமுறை முகர்ந்திருக்கிறார்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் கசெற்றைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அது காருக்குள்ளும் ஏறியது. எங்கள் ஊரில் மினிபஸ்கள் அதைப் பிடித்துக்கொண்டன. எந்த வண்டியில் நல்ல செற் இருக்கிறதோ அதிலேதான் பெடியள் ஏறுவார்கள். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் எல்லாம் நின்றது. மின்சாரமில்லை, தொலைபேசியில்லை. ரோர்ச் பற்றறியும் தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. கார்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள்.

எங்கள் அப்பாவின் குரல் அப்படித்தான் வந்தது. 1993 இல் கொழும்புக்கு வந்த ஒருவர் கைமாற்றி, கைமாற்றி அனுப்பிய ஒரு கசெற். ஒரு பக்கம் முழுவதும் அப்பா கதைக்கிறார்: வேலி, கிணறு, ஆர் இடம்பெயர்ந்தது, ஆர் செத்தது. பதிந்தது டைனமோவில். சுற்றுகிறவர் களைத்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதை இங்கே சரியான வேகத்தில் போட, அந்த இடங்களிலெல்லாம் அப்பாவின் குரல் மெலிந்து சிறுபிள்ளையின் குரலாகிவிடும். சுற்றியவள் தங்கச்சி. அவள் எங்கெங்கே களைத்தாளென்று எங்களுக்கு மனப்பாடம்.

அதை எங்கே வைத்துக் கேட்பது? அதுதான் பிரச்சினை. மார்த்தெல்லி சட்டத்தில் 1990 இல் எங்களுக்குத் தாள்கள் கிடைத்திருந்தன. ஆனால் ஓர் அறையில் ஆறு பேர். பகலில் வேறொருவர் வீட்டைத் துடைக்கிறோம், இரவில் பாதிப்பேர் நித்திரை. ஒரு மனிதன் இருந்து அழுவதற்கு அந்த நகரத்தில் எங்களுக்கென்று நாலு சுவர் இருக்கவில்லை. அந்த வருடந்தான் பழைய ஃபியற் பண்டா ஒன்றை இருவருமாகச் சேர்ந்து வாங்கினோம். பலெர்மோவுக்கு அருகே தெர்மினி இமெரேசேயில் 1970 இல் திறந்த தொழிற்சாலையிலும் பண்டாக்களைச் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலை 2011 இல் மூடப்பட்டது. ஊர்க்காரர் அதை ஒரு செத்தவீடு போலவே கதைப்பார்கள்.

வண்டியில் செற் இல்லை. பின்பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும், முன்னால் வெட்டிவிட்ட வயர்களும் மட்டும். பல்லரோவுக்குப் பக்கத்து அல்பெர்கேரியாவில் பழஞ்சாமான் சந்தையில் ஒரு கசெற் செற் வாங்கினோம். முன்னர் அது ஆருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பூட்டிய பத்து நிமிடத்தில் அண்ணைக்குப் பழக்கமான அந்த மணம் வந்தது. முன்னைய சொந்தக்காரர் இரண்டு ஸ்பீக்கர்களின் எதிர்வயரையும் கார் உடம்போடு இணைத்திருந்தார். பழைய செற்றுகள் அதற்கு இடங்கொடுக்கும். நாங்கள் வாங்கியது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர் வேண்டுகிற வகை. ஒரு கிழமைச் சம்பளம் புகையாகப் போனது. கராஜில் நின்றவர் அண்ணை என்பதால் அவரை ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது செற்றுக்கு ஸ்பீக்கர் வரை புது வயர் இழுத்தோம். மஞ்சள் வயர் நேரே பற்றறிக்கு, சிவப்பு திறப்புக்கு, கறுப்பு உடம்புக்கு, நடுவில் ஒரு ஃபியூஸ். 180க்கு 50 மில்லிமீற்றர் என்ற ஜேர்மன் அளவு ஐரோப்பாவெங்கும் வழக்கமாகிவிட்டிருந்ததால் எந்தச் செற்றும் எந்தக் குழிக்குள்ளும் போகும். எங்கள் பண்டாவில் குழியே இல்லை. துணி போர்த்திய நீளத் தட்டுக்குக் கீழே ஒரு தகரக் கூட்டைத் தொங்கவிட்டோம். செற்றுக்குக் கைப்பிடி இருந்தது. நாங்களும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரியத் தொடங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சனம் சைவம், வேதம் என்று பாராமல் சாந்தா றொசாலியாவிடம் மொந்தே பெல்லெக்றினோ மலையேறும். நாங்களும் ஏறி, வளைவொன்றில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை உயர்த்திவிட்டு அந்தக் கசெற்றைப் போடுவோம். எஞ்சினையும் நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் பிளக்கின் பொறி ஸ்பீக்கரில் கேட்கும்.

குரலுக்கு இடம் தேடியவர்கள் அந்தத் தீவில் எங்களுக்கு முன்னரும் இருந்தார்கள். 1968 தையில் பெலிச்சே பள்ளத்தாக்கைப் பூமியதிர்ச்சி அழித்தது. வருடக்கணக்காகக் கொட்டில்களில் கிடந்த சனத்துக்காக டனிலோ டொல்சி 1970 பங்குனி 25 இல் பார்த்தினிக்கோவிலிருந்து ஒரு வானொலியை நடத்தினார். ஒலிபரப்பு அரசின் தனியுரிமை என்பதால் ஒரு நாள் சொச்சத்தில் பொலிஸ் புகுந்து நிறுத்தியது. 1976 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் வானொலிகளுக்கு வழிவிட்டபின், சினிசியைச் சேர்ந்த பெப்பினோ இம்பஸ்தாத்தோ நண்பர்களோடு தெறாசினியில் றேடியோ அவுற்றை நடத்தி மாஃபியாவைப் பெயர் சொல்லிக் கேலிசெய்தார். 1978 மே 9 இல் அவரைக் கொன்றார்கள். விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றப்போகும்போதெல்லாம் அந்த ஊர்களின் பக்கமாகப் போவோம். 1992 இல் நீதிபதி ஃபல்கோனேயைக் குண்டு வைத்துக் கொன்ற கப்பாச்சி இடமும் அதே பாதையில்தான். அங்கே வரும்போது அண்ணை செற்றின் சத்தத்தைக் குறைப்பார். ஏனென்று நாங்கள் கதைத்ததில்லை.

பிறகு முன்தகட்டை மட்டும் கழற்றுகிற செற்றுகள் வந்தன. கைப்பிடிகள் மறைந்தன. அப்பா மறைந்தார். பண்டாவை மட்டும் விற்கவில்லை. போன வருடம் அண்ணையின் மகன் அதற்குத் தொலைபேசியோடு பேசுகிற புதுச் செற்றொன்றைப் பூட்டினான். திறப்பை எடுத்ததும் அது எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மஞ்சளையும் சிவப்பையும் மாறிப் பூட்டியிருந்தான். பழைய ஃபியற்றின் பிளக்கில் அவை இடம்மாறி வருமென்று நினைத்தானாம். அண்ணை சிரித்துக்கொண்டே மாற்றிக்கொடுத்தார்.

கழற்றிய செற்றில் ரப்பர் பட்டி உருகிப் பாணியாகியிருந்தது. பெடியன் கசெற்றை வேறொரு செற்றில் போட்டுக் கணினியில் ஏற்றி, ஒரு பின்னேரம் வந்தான்.

"சித்தப்பா, தாத்தாவின்ர குரல் கூடிக் குறையிறதைச் சமப்படுத்தியிருக்கிறன். கேட்டுப் பாருங்கோ."

கேட்டோம். முதன்முறையாக அப்பா முழுவதும் அப்பாவின் குரலிலேயே கதைத்தார். இவ்வளவு நிதானமாகக் கதைத்திருக்கிறாரென்று அன்றுதான் தெரிந்தது. அண்ணை கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பழையதையும் வைச்சிருக்கிறியோடா?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா, இரண்டும் கிடக்கு."

"அப்ப அதையும் போடு. தங்கச்சி சுத்தினது."