மணி அடித்த பின்னும் ஓயாத பணி

தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பணி மாலை மணியோடு முடிவதில்லை என்பதைத் தமிழகத் திருச்சபை நெடுங்காலமாகவே அறியும். குருவானவர் எப்போதாவது வந்துபோன சிற்றூர்களில் உபதேசியாரே பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். ஞாயிறு செபங்களை நடத்தியவரும், மரணத் தறுவாயிலிருந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் அளித்தவரும், இறந்தோரின் அடக்கத்திற்கு முன்நின்றவரும் அவரே. அவருடைய உழைப்புக்கு எவரும் மணிக்கணக்கு வைத்ததில்லை.

1854-இல் வெளியான உட் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கப் பரிந்துரைத்தது. பின்னர்ச் சென்னை மாகாணத்தில் மாணவரின் தேர்ச்சியைப் பொறுத்து மானியம் அளிக்கும் முறையும் வந்தது. பதிவேடுகளும் ஆய்வாளருக்கான படிவங்களும் பெருகின. எழுதப் படிக்கத் தெரிந்தவர், ஊராரின் நம்பிக்கையைப் பெற்றவர் என்ற இரு தகுதிகளே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் ஆகிய பொறுப்புகளையும் அவர் தோளில் ஏற்றின.

1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிவாகத் தொடங்கியபோது, பசித்த பிள்ளைகளுக்குச் சோறிடும் பொறுப்பை ஆசிரியர்கள் ஏற்றார்கள். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனத் தனிப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர். மனம் இருந்தால் சுமையைப் பகிரலாம் என்பதற்கு இதுவே சான்று.

2007-இல் உச்ச நீதிமன்றம், வாக்காளர் பட்டியல் திருத்தப் பணியை ஆசிரியர்களுக்கு விடுமுறை நாட்களிலும் கற்பித்தல் இல்லாத நாட்களிலுமே தரவேண்டும் என்றது. பிள்ளைகளின் பாடவேளை காக்கப்பட்டது. ஆசிரியரின் ஓய்வுநாளோ கழிந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர்த்த பிற வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்கிறது. வாரத்திற்கு 45 மணிநேரப் பணி என்று வரையறுத்து, பாடத் தயாரிப்பையும் அதனுள் அடக்குகிறது.

வகுப்புக்கு வெளியே செய்யும் பணிகள் எல்லாம் ஒன்றல்ல. மறுநாள் பாடத்திற்கு ஆயத்தம் செய்தல், ஏடுகளைத் திருத்துதல், பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குச் செல்லுதல் ஆகியன ஆசிரியத் தொண்டின் உயிர். பிறர் சுமத்தும் வேலைகள் மிகும்போது முதலில் நசுங்குவது இவ்வுயிரே.

அரசை மட்டும் குறைசொல்லி நாம் விலகிவிட இயலாது. திருவிழா வசூலுக்கும் விழா மேடை ஏற்பாட்டுக்கும் பங்குப் பள்ளி ஆசிரியர்களை அழைக்கையில், 'இது உங்கள் அழைத்தல்' என்று சொல்லி அவர்கள் வாயை அடைக்கின்றோமோ? உபதேசியாரின் தியாகத்தைப் போற்றுவோம். ஆயின், அதனைக் காட்டி இன்றைய ஆசிரியரின் மாலைப்பொழுதைக் கேளாமலே எடுத்துக்கொள்வது நீதியாகாது. அவருக்கு மீட்டுத் தரும் ஒவ்வொரு மணிநேரமும் ஓர் ஏழைப் பிள்ளையின் ஏட்டைச் சென்று சேரும்.